கடைசி இடத்துக்கு ஒரு பெயர்

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுதுவது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. சொல்வது நான். நான் சொல்கிறபடியே எழுத வேண்டும், நடுவில் உன் நயமெல்லாம் சேர்க்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "சீக்கிரம் சொல்லுங்க, எனக்குக் காலர் வைக்கிற வேலை பாக்கி இருக்கு" என்கிறாள். அதையும் எழுது என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதுகிறாள்.

போனில் இனிமேல் பேசப் போவதில்லை. நான் வாயைத் திறந்தால் "அப்பா, ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்கிறாய். செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன். கடிதத்துக்கு நடுவில் யாரும் உன்னைக் கூப்பிட முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதன், மூக்குக்கண்ணாடியை வைத்து நாம் கண்ணாடி என்றே கூப்பிடுகிறவன், இந்த ஊருக்கே வந்துவிட்டான். நான் லிஃப்ட் ஓட்டின ஆஸ்பத்திரியில் அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு. அங்கே லிஃப்ட் கிடையாது. ஆயுசெல்லாம் ஊரையே மேலே ஏற்றி இறக்கின எனக்கு இப்போது முழங்கால் படி ஏற மாட்டேன் என்கிறது. அதனால் அவன்தான் இறங்கி வருகிறான். தையல் கடை வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறான். டீ குடிக்கிறான். எழுந்து போகிறான்.

உன்னோடு ஒரே நாளில் அந்தப் பெரிய கம்பெனியில் சேர்ந்தவன், உன் பக்கத்து மேசைக்காரன், நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிறவன். போன மாதம் நீ வந்திருந்தபோது அவனைப் பற்றித்தான் கேட்டேன். "அவன் சரியா வேலை பாக்கலப்பா, போயிட்டான்" என்றாய். "நீ முன்னாடி சொன்னது அப்படி இல்லையே" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். நீ பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாய்.

இப்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் வேண்டும்.

அப்பா

•

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. கையால் எழுதி வெகுநாள் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் தையல்காரம்மா பொறுத்துக்கொள்ளட்டும்.

அவன் அங்கே வந்திருப்பது எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர்களோடு அவர்களுடைய மேலாளர் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்களுக்கு விதி.

நீங்கள் நினைப்பது போல நான் யாரையும் துரத்தவில்லை. கம்பெனி முழுவதும் ஆட்களைக் குறைத்தார்கள். யார் யார் என்று மேலிடத்தில் முடிவாகி வந்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. உள்ளதைச் சொன்னால், அவன் கொஞ்ச காலமாகவே மந்தமாகத்தான் இருந்தான். யாரும் தொடாத பழைய புரோகிராம்களையே கட்டிக்கொண்டு கிடந்தான். நாலு பேர் பார்க்கிற மாதிரி எதையும் செய்யவில்லை. ஒரே நாளில் சேர்ந்தோம். நான் படிப்படியாக மேலே வந்து அவனுக்கே மேலாளர் ஆனேன். அவன் அதே நாற்காலியில் இருந்தான். அதற்கு நான் என்ன செய்ய?

அவன் வந்தால் நல்லபடியாகப் பேசுங்கள். என் பேச்சை எடுக்க வேண்டாம்.

முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா?

மகள்

•

பிப்ரவரி 26

பாப்பாவுக்கு,

முழங்கால் கிடக்கட்டும்.

மேலிடத்திலிருந்து பெயர் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெயர் மேலே எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். நீதான் சொன்னாய்.

முந்தின வருஷம் மழை விடாமல் பெய்த வாரம் நீ இங்கே வந்திருந்தாய். ஜன்னலை மூட முடியாமல் நான் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். "அப்பா, எங்க ஆபீஸ்ல ஒரு கூத்து. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ குழுவில இருக்கிறவங்கள வரிசைப்படுத்தணும். எல்லாரும் நல்லா செஞ்சிருந்தாலும் ஒருத்தர கடைசியில போட்டே ஆகணும். யாரப் போடறதுன்னு தலைய பிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணாடியே வந்து, 'என்னப் போடு, எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது, மத்தவங்கல்லாம் புதுசு, பயந்துடுவாங்க, அடுத்த தடவ என்னத் தூக்கி விட்டுடு'ன்னான்ப்பா. இப்படி ஒரு பைத்தியம் எங்கயாவது இருக்குமா" என்று சிரித்தாய்.

நான் கேட்டேன், "அதனால அவனுக்கு ஒண்ணும் ஆகாதா?" நீ சொன்னாய், "ஒண்ணும் ஆகாதுப்பா, இடத்த நிரப்ப ஒரு பேரு, அவ்வளவுதான்."

படித்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு, மனதை விட்டால் போட்டு வைக்க வேறு இடமில்லை.

இப்போது கேள். இங்கே ஒரு சின்ன கம்பெனியில் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. கடைசியாக வேலை பார்த்த இடத்தில் அவனுக்கு மேலே இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். வேறு வழியில்லாமல் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். வேலை போனதிலிருந்து இதுதான் அவனுக்கு அமைந்த ஒரே இடம். "அவ என்ன சொல்லணும்னு நான் அவளுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, அவளுக்கு என்ன சொல்லத் தோணுதோ அத சொல்லட்டும்" என்கிறான்.

நீ என்ன சொல்லப் போகிறாய்?

அப்பா

•

மார்ச் 8

அப்பா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைத் தையல்காரம்மாவுக்குத் தெரியாமல் எப்படியாவது படித்துக்கொள்ளுங்கள்.

நான் மறக்கவில்லை.

அந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். மேலாளர்கள் எல்லோரும் ஒரு கண்ணாடி அறையில் உட்காருவோம். சுவரில் பெரிய திரை. அதில் எல்லாருடைய பெயரும் சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கும். விரலால் தொட்டு மேலே தள்ளலாம், கீழே தள்ளலாம். என் ஆளை மேலே தள்ள வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிறவர் ஆளைக் கீழே தள்ள வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் சண்டை. நடுவில் பிஸ்கட் வரும், சாப்பிடுவோம், மறுபடி சண்டை. எல்லாம் முடிகிறபோது கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் யாரும் வெளியே போக முடியாது.

முதல் தடவை அவன் தானாக வந்து சொன்னான். நீங்கள் சொன்னபடியேதான். ஆறு மாதம் கழித்து மறுபடி அந்த அறை. அப்போது என் குழுவில் ஒரு பெண் பிரசவம் முடிந்து வேலைக்கு வந்த நேரம். மற்றவர்கள் எல்லாம் அவளைக் கடைசியில் போடு என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவன் பெயரைக் கீழே தள்ளினேன். அந்தத் தடவை நான் அவனைக் கேட்கவே இல்லை அப்பா. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, இரண்டு தடவை கடைசியில் வந்தவர்கள் எல்லாரும் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏன் கடைசி என்று மேலாளர் காரணம் எழுத வேண்டும். குறை எதுவும் இல்லை என்று எழுதினால், பிறகு ஏன் போட்டாய் என்று என்னைக் கேட்பார்கள். எழுதினேன். "பொறுப்பைத் தானாக முன்வந்து ஏற்பதில்லை. வேகம் போதாது. இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு உரிய வளர்ச்சி காணப்படவில்லை." மூன்று வாக்கியம். அவனுக்குப் போன கடிதத்தில் அப்படியே அதைப் போட்டிருந்தார்கள். என் எழுத்து என்று அவனுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

எழுதின பிறகு நடந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் அவன் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தேன், உண்மையாகவே மெதுவாகத்தான் செய்கிறான் என்று பட்டது. உங்களிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சின்ன கம்பெனியிலிருந்து கூப்பிட்டால், அவன் எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்தத் தேதியில் போனான் என்று மட்டும்தான் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் விதியை மீறியதாகும். எனக்கு அடுத்த பதவி பேச்சில் இருக்கிறது. நூறு பேருக்கு மேல் எனக்குக் கீழே வருவார்கள். இங்கே எல்லாரும் நான் எவ்வளவு வளர்ந்துவிட்டேன் என்கிறார்கள்.

என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மகள்

•

மார்ச் 15

பாப்பாவுக்கு,

தையல்காரம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதியதைத் தையல்காரம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். வேறு யார் படிப்பார்கள். "நான் வெளியில சொல்ல மாட்டேன்னு எழுதிக்கவா?" என்கிறாள். எழுதிக்கொள் என்றேன்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வேலைக்குப் போகாமல் அவள் தலைமாட்டிலேயே இருந்தாய். அப்போது உன் வேலையையும் சேர்த்து யார் பார்த்தது? கண்ணாடிதான் உன் பெயரிலேயே செய்து அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த வருஷம்தான் உனக்கு முதல் பதவி உயர்வு வந்தது. அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "இதுல பாதி கண்ணாடியோடதும்மா" என்று நீ சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் செருப்பு தேடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அந்தச் சின்ன கம்பெனியிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்களாம்.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்பா

•

மார்ச் 25

அப்பா,

சொல்லிவிட்டேன்.

ஆபீஸில் பேச முடியாது என்று கார் நிறுத்துகிற இடத்துக்கு இறங்கிப் போய்ப் பேசினேன். ஒரு பெண்தான் கூப்பிட்டாள். தேதிகளைச் சொன்னேன். "அதுக்கு மேல ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டாள். விதிப்படி என்று இழுத்தேன். அந்தப் பெண் போனை வைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இருங்க" என்றேன்.

அவனைப் போல ஒருத்தனோடு நான் வேலை செய்ததில்லை என்று சொன்னேன். எங்கள் சர்வீஸ் பாதி உலகத்துக்கு நின்றுபோன அன்று, தப்பு நான் எழுதின புரோகிராம் வரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, யாருடையது என்று சொல்லாமலே சரிசெய்தவன் என்று சொன்னேன். அவனைப் பற்றி நான் எழுதிய குறைகள் நிஜம் இல்லை, இடத்தை நிரப்ப எழுதியவை என்றும் சொன்னேன். "இப்படி யாரும் எங்ககிட்ட சொன்னதில்ல" என்றாள்.

இங்கே தெரிந்தால் என் வேலை போகும். போனால் போகட்டும் என்று இப்போது இருக்கிறது. நாளைக்கு எப்படி இருக்குமோ.

அவனுக்கு வேலை கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

மகள்

•

ஏப்ரல் 4

பாப்பாவுக்கு,

அவனுக்கு வேலை கிடைக்கவில்லை.

நீ பேசிய மறுநாள் அவனைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். சும்மா பேருக்குத்தான், எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று சொல்லித்தான் போனான். சட்டைக்குத் தையல்காரம்மாதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அங்கே இருந்த பெரியவர், உங்களைப் பற்றி நீங்களே ஒரு குறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாமே. ஏதாவது பூசி மெழுகிச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானாம்.

இவன் சொல்லியிருக்கிறான், "பொறுப்பைத் தானாக முன்வந்து ஏற்பதில்லை. வேகம் போதாது. இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு உரிய வளர்ச்சி காணப்படவில்லை."

ஒரு எழுத்து மாற்றாமல்.

அந்தப் பெரியவரே பதறிப்போய், "உங்க மேலாளர் அப்படிச் சொல்லலையே, உங்களப் பத்தி அவ்வளவு உயர்வா சொன்னாங்களே" என்றாராம். அதற்கு இவன், "அவங்க அப்படித்தான் சார் சொல்லுவாங்க, நல்ல மனசு, என்னை விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்றானாம். பிறகு அவர்கள் என்னதான் செய்வார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கோ நடந்த மாதிரி இதைச் சொன்னான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "டேய், கடைசியில போடுன்னு நீயாதானே போய் நின்ன? அதுக்குத்தானே அவ ஏதோ எழுதினா?" என்றேன். அவன் சிரித்தான். "இல்லப்பா, நான் யோசிச்சுப் பாத்தேன். நான் கடைசிதான். அத எங்கிட்ட நேரா சொல்ல அவளுக்கு மனசு வரல. நானே கேக்கற மாதிரி வெச்சு, என் மானத்தக் காப்பாத்தினா. அவ எங்கிட்ட பொய் சொன்னதே இல்லப்பா. அவ எழுதியிருக்கான்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றான்.

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டாள்.

நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். அவன் மனைவி சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். நீ வந்து அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். விதி கிதி என்று எழுதாதே.

அப்பா

•

ஏப்ரல் 20

அப்பா,

உங்கள் தெரு வரை வந்துவிட்டு உங்களைப் பார்க்காமல் திரும்பியதற்கு என்னைத் திட்டுங்கள். கடையில் வெளிச்சம் தெரிந்தது. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வந்து உங்கள் முன்னால் நிற்க முடியவில்லை.

மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்தது அவன்தான். "வாங்க, உக்காருங்க" என்றான். சேர்ந்த முதல் நாளிலிருந்து வா, போ, அடி, லூசு என்று கூப்பிட்டவன். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். மூன்று வாக்கியமும் பொய், நான் கட்டி எழுதியது, இரண்டாவது தடவை உன்னைக் கேட்காமலே போட்டேன், என் பதவிக்காக அப்படி எழுதினேன், நீ மெதுவான ஆள் இல்லை, எங்கள் எல்லாரையும் தாங்கிக்கொண்டிருந்தவன் நீதான் என்றேன். அழக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். "இவ்வளவு தூரம் இதுக்காகவா வந்தீங்க? அப்பா கட்டாயப்படுத்தியிருப்பார். அவருக்கு என் மேல பாசம்" என்றான். "நான் சொல்றது உண்மை" என்றேன். "தெரியும் தெரியும்" என்று, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையாட்டினான். "நீங்க அப்பவும் இப்படித்தான். எனக்காக யாருகிட்ட வேணா பொய் சொல்லுவீங்க. உங்க பேரு கெட்டுப்போகும், இனிமே இப்படி வராதீங்க" என்றான்.

அப்பா, அவன் கோபப்படுவான் என்று நினைத்துப் போனேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன்.

அவன் மனைவி மாடிப்படி வரை வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க எழுதினத நம்பிட்டாரு. இப்ப சொல்றத நம்ப மாட்டேங்கறாரு. ரெண்டையும் நீங்கதான் சொன்னீங்க" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொன்று. போன வாரம் அந்தப் பதவி எனக்கு வந்துவிட்டது. போனில் நான் பேசியது இங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கேக் வெட்டினார்கள். வளர்ச்சி என்றால் என்ன என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினேன். கை தட்டினார்கள்.

ஜூன் மாதம் மறுபடி அந்த அறை. இப்போது என் திரையில் பெயர்கள் அதிகம்.

மகள்

•

ஏப்ரல் 29

பாப்பாவுக்கு,

பதவி வந்ததற்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தையல்காரம்மா சொல்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. அவளே சொல்லிக்கொள்கிறாளாம். அவளுடைய வாழ்த்து.

நீ வந்து போனதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வருகிறான். உட்காருகிறான். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது பேசலாம் என்று நான் பழைய கதையை எடுத்தேன். நீ சொன்னவைதான். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் எதையோ தெரியாமல் அழித்துவிட்டு வாந்தி எடுத்தானே, கண்ணாடி அவனை முகம் கழுவ அனுப்பிவிட்டு அவன் வருவதற்குள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ ஒண்ணும் அழிக்கலடா, திரைதான் தூங்கிடுச்சு" என்று சொன்ன கதை. உங்கள் பெரிய மேலாளர் கூட்டத்தில் உன்னை மடக்கினபோது, யாரும் கேட்காமலே இவன் எழுந்து, அது என் யோசனை, கேள்வியை என்னிடம் கேளுங்கள் என்று சொன்ன கதை. ஒரு நாளைக்கு ஒன்று. அவன் பெயரைச் சொல்லாமல், ஒருத்தன் இருந்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுடைய கதை என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நேற்று, டீயைக் கீழே வைத்துவிட்டு, "யாருப்பா அந்த ஆளு? நல்லா வேலை செய்வான் போலிருக்கே" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண் உண்மையாகவே கேட்டது. இன்றைக்குச் சீக்கிரமே வந்து உட்கார்ந்து, "அப்புறம் அவன் என்ன பண்ணான்?" என்றான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தீரப் போகிறது. அங்கே நடந்த மற்றதெல்லாம் உனக்குத்தான் தெரியும். உட்கார்ந்து எழுது. மன்னிப்புக் கேட்காதே. குறை சொன்னதும் வேண்டாம், பொய் என்பதும் வேண்டாம். அவன் செய்ததை மட்டும் எழுது. சின்னதாக இருந்தாலும் எழுது. தையல்காரம்மா படிப்பாள், நான் மனதில் போட்டுக்கொண்டு அவனுக்குச் சொல்வேன்.

நாளைக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு கதைதான் பாக்கி இருக்கிறது.

அப்பா